எடுத்து வளர்த்த பிள்ளையின் கதை: நாவலுக்கு மதுரைப் பக்கத்து ஆட்கள் உதவ வேண்டும்

மாசிவீதி மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்த பிறகு நடுவில் நிற்கிறது. இங்கே பழைய மதுரையை அறிந்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

கதை 1979இல் தொடங்குகிறது. கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். அம்மா இறந்துவிடுகிறார். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். மூத்த அத்தை ஒருத்தி, நாயகியின் மகனை மட்டும் தோளைப் பிடித்துப் பின்னால் நகர்த்துகிறாள். "நீ தள்ளி நில்லுய்யா" என்கிறாள். அவ்வளவுதான். நாயகிக்கு அப்போது 28 வயது. தான் அந்த வீட்டில் பிறக்கவில்லை என்பது அந்த ஒரு கணத்தில் அவளுக்குத் தெரிகிறது. அதன் பிறகு அவள் தேடிப் போவதுதான் நாவல்.

தேடல் பின்னோக்கிப் போகிறது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) கஞ்சித் தொட்டி முன்னால் கிடந்த குழந்தைதான் இந்த வம்சத்தின் முதல் பெண். அப்புறம் 1920, பெருங்காமநல்லூர். நாயகியின் தாத்தா அங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார். பிறகு 1951இல் நாயகி பிறந்து, கை மாறுகிறாள். அவள் பெயர் தவிட்டம்மாள். பெயரே துப்பு. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று பெயரிலேயே இருக்கிறது அல்லவா. கடைசியில் நீதிமன்றத்தில் 1951ஆம் வருஷத்துத் தத்துப் பத்திரத்தைப் பார்க்கிறாள், தாயின் பெயர் கிடைக்கிறது.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் அம்மாச்சி (அம்மாவின் அம்மா) எடுத்து வளர்த்த பிள்ளை. எந்த ஊர், யார் பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை. "நான் தாது வருஷத்துப் பிள்ளை" என்று மட்டும் சொல்வார். அவர் வம்சமே பஞ்சத்தில் தொடங்கியது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நாவலின் முதல் பாகம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

என் கேள்வி இதுதான்: 1979இல் மதுரையில் இருக்கும் ஒரு பெண், தன் பிறப்பைத் தேட எங்கெங்கே போவாள்? எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு? நான் எழுதிய வழி சரியா?

புதூர் வக்கீல்:

சகோதரி, நெய்ப்பந்தக் காட்சி மனதைப் பிசைகிறது. ஆனால் கடைசிக் காட்சி நிற்காது. காரணம் சட்டம்.

1951இல் இந்துக் குடும்பத்தில் பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்க வழியே இல்லை. சாஸ்திர முறை இந்துச் சட்டத்தில் தத்து என்றால் ஆண் பிள்ளை மட்டும்தான். பிண்டம் போடவும் வம்சம் நிற்கவும்தான் தத்து. பெண் பிள்ளையைத் தத்தெடுக்கும் வழக்கம் தேவதாசிக் குடும்பங்களில் இருந்தது, அதை மதராஸ் நீதிமன்றங்கள் வழக்காறாக ஏற்றன. மற்ற வீடுகளில் எடுத்து வளர்க்கலாம், மகள் என்று கூப்பிடலாம், கல்யாணம் செய்து கொடுக்கலாம். சட்டத்தின் முன்னால் அவள் யாரும் இல்லை. 1956 டிசம்பரில் வந்த இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம்தான் மகளையும் தத்தெடுக்கலாம் என்றது.

அந்தச் சட்டத்திலும் ஒரு தடை இருக்கிறது, நாவலாசிரியர்கள் அடிக்கடி தவறவிடும் இடம். வீட்டில் ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருந்தால், இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. உங்கள் கடைக்காரர் வீட்டில் சொந்த மகள் ஒருத்தி இருந்தால், 1956க்குப் பிறகும் அவரால் இவளைத் தத்து எழுத முடிந்திருக்காது.

ஆகவே தத்துப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் வேறு ஒன்று இருக்கலாம். எடுத்து வளர்த்த மகளுக்கு வாரிசுப் பங்கு வராது என்று தெரிந்த தகப்பன், உயிரோடு இருக்கும்போதே அவள் பெயருக்கு ஒரு வீட்டையோ நிலத்தையோ செட்டில்மெண்ட் எழுதி வைப்பார். அந்தப் பத்திரங்களில் ஒரு வார்த்தை வரும்: "என் அபிமான புத்திரி". பெற்ற மகள் என்றால் "என் குமாரத்தி" என்றே எழுதிவிடுவார்கள். அபிமான புத்திரி என்று எழுதினால் அன்பால் மகள், ரத்தத்தால் அல்ல என்று அர்த்தம்.

நிலம் வீடு சம்பந்தப்பட்ட பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்தில் ஏறும். அதன் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். உங்கள் நாயகி தன் கல்யாணத்துக்குக் கொடுத்த வீட்டின் பத்திரத்தை விற்பதற்காக எடுத்துப் பார்க்கிறாள், அதில் அந்த இரண்டு வார்த்தைகள். இது நடக்கக் கூடியது. என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர், அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத்தான் முதல் தடவை வந்தார். நான் சொன்ன பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மாசிவீதி மல்லிகை:

ஐயா, அபிமான புத்திரி என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. நாவலின் தலைப்பே மாறிவிடும் போலிருக்கிறது. தத்துப் பத்திரக் காட்சியை எடுத்துவிடுகிறேன். ரொம்ப நன்றி.

செக்கானூரணி:

அக்கா, நான் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில் பெருங்காமநல்லூர். ரேகைச் சட்டத்தை (குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று நின்றவர்கள் மேல் சுட்டார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் செத்தார். ஒவ்வொரு ஏப்ரல் 3 அன்றும் அங்கே அஞ்சலி நடக்கிறது. செத்தவர்கள் பெயர் ஊருக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையில் கற்பனை ஆள் ஒருவரைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் பக்கம் இதைப் படிப்பவர்கள் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள்.

அந்தக் காலம் கதைக்கு வேண்டும் என்றால் சுட்ட நாளை விடுங்கள், அதற்குப் பிறகு வந்த வருஷங்களை எடுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல்தான் நம் மாகாணத்தில் போனது. அதுவரை ஆம்பளைகள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். புருஷன் வீட்டில் இல்லாத ராத்திரிகளில் ஒரு பெண் குழந்தை பெற்றால், ஜன்னி வந்து அவள் செத்தால், அந்தக் குழந்தையை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? இதுதான் கதை. இதில் துப்பாக்கி சுட வேண்டியதில்லை.

இரண்டாவது, உங்கள் நாயகி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். எனக்கு அது நம் ஊர்ப் பெண்ணின் தேடலாகத் தெரியவில்லை. நம் பக்கம் ஒரு பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பது காகிதத்தில் இல்லை. செய்முறையில் இருக்கிறது. காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தார்கள்? சடங்குக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? மாசிப் பச்சைக்கு (மாசி மாதக் குலசாமி கும்பிடுக்கு) எந்தக் கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள்? எல்லாவற்றிற்கும் மேலே மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கும். வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் எந்த வீட்டிலும் மொய் நோட்டைத் தூக்கிப் போட மாட்டார்கள். வீட்டுப் பத்திரம் தொலைந்தாலும் மொய் நோட்டு இருக்கும்.

இன்னொன்று. பெண் பிள்ளையை எடுத்து வளர்ப்பது ஆண் பிள்ளையை எடுப்பதைவிட எளிது. ஆண் பிள்ளை என்றால் பங்காளிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். அவனுக்குக் கோவிலில் தலைக்கட்டு வரி உண்டு, நிலத்தில் பங்கு உண்டு. ஊர் கூடிப் பேசாமல் முடியாது. பேசினால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெண் பிள்ளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பெட்டி வண்டியில் வந்து இறங்கிவிடுவாள், அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் அம்மாச்சியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

வைகைக்கரை:

செக்கானூரணித் தம்பி சொன்ன கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டிலும் பெரிய தாத்தா தத்து வந்தவர். எந்த வீடு, எந்த நாள், யார் யார் சாட்சி என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அவர் கூடவே வளர்ந்த "சின்னத்தை" எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அதை இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

மல்லிகை அக்கா, சபைப் பதிவேடுகளையும் மறக்க வேண்டாம். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834 முதல் இங்கே இருக்கிறது. பஞ்ச காலத்தில் மிஷன்கள் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தன. கத்தோலிக்கர் பக்கம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. இயேசு சபை மதுரை மாகாணத்தின் ஆவணக் காப்பகம் கொடைக்கானல் பக்கத்தில் செண்பகனூரில் இருக்கிறது. பஞ்சத்தில் கிடந்த குழந்தை என்றால் நாயகி அங்கே ஏறித்தான் ஆக வேண்டும்.

பேரேடு:

அம்மா, நான் நாற்பது வருஷம் மண்டிக் கணக்கு எழுதியவன். உங்கள் இழையை என் பேத்தி காட்டினாள்.

தவிட்டம்மாள் என்ற பெயரை நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். வரிசையாகக் குழந்தைகள் தவறிப்போகும் வீட்டில், அடுத்து பிறக்கும் பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது, மதிப்பில்லாதது என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. அப்படி வாங்கிய பிள்ளைக்குத்தான் தவிட்டம்மாள், குப்பம்மாள், பிச்சை என்றெல்லாம் பெயர். ஆக, அந்தப் பெயர் வைத்திருந்தால் அவள் பெற்ற பிள்ளை. அதுவும் ஆசை ஆசையாகப் பெற்ற பிள்ளை. உண்மையிலேயே வெளியிலிருந்து வந்த பிள்ளைக்கு யாரும் அந்தப் பெயர் வைக்க மாட்டார்கள். வைக்க வாய் வராது.

அடுத்தது தாது வருஷம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும். 1876-77 தாது. அதன் பிறகு 1936-37 தாது. அப்புறம் 1996-97. பஞ்சம் பெரியது என்பதால் தாது என்றதும் எல்லோரும் அந்தப் பஞ்சத்தையே நினைக்கிறார்கள். உங்கள் அம்மாச்சிக்கு இன்று இருந்தால் என்ன வயது இருக்கும்? அவர் பஞ்சத்தைச் சொல்லவில்லை அம்மா. தான் பிறந்த வருஷத்தைச் சொல்லியிருக்கிறார்.

மாசிவீதி மல்லிகை:

ஐயா, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை.

அம்மாச்சி 2009இல் இறந்தார். எழுபத்து இரண்டு, எழுபத்து மூன்று என்றுதான் சொன்னோம். கணக்குச் சரியாக 1936-37இல் வந்து நிற்கிறது. இத்தனை வருஷமும் அவர் எனக்கு நேரான பதிலைச் சொல்லியிருக்கிறார். நான்தான் அதைக் கதையாக மாற்றிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாச்சிக்கு ஒரு அக்கா உண்டு. அந்தப் பெரிய பாட்டியின் பெயர்தான் தவிட்டம்மாள். நாவலின் பெயரை அங்கிருந்துதான் எடுத்தேன். சின்ன வயதில் எல்லோரும் பெரிய பாட்டியைக் கேலி செய்வார்கள், "உன்னைத்தானே தவிட்டுக்கு வாங்கினது" என்று. அவரும் சிரிப்பார். அம்மாச்சியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெரிய பாட்டிதான் அந்த வீட்டில் பிறந்தவர் என்பதை நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

தொட்டில்:

இங்கே பல வருஷமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மேலே அக்கா எழுதிய கடைசி வரிகள்தான் என்னை எழுத வைத்தன.

நானும் எடுத்து வளர்த்த பிள்ளை. தொண்ணூறுகளில் பிறந்தவள். ஒரு காப்பகத்திலிருந்து சட்டப்படி தத்தெடுத்தார்கள். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். அடம் பிடித்தால், சாப்பிடாவிட்டால், உடனே "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம், திரும்பக் கொடுத்துடுவோம்". பிள்ளைகள் அழும், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு தடவை சித்தி வாய் தவறி ஆரம்பித்தார். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சித்தி நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்பது வயது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. என்னை மட்டும் ஏன் யாரும் தவிட்டுக்கு வாங்கவில்லை என்று பலநாள் யோசித்திருந்தேன், அன்றைக்குக் காரணம் புரிந்தது.

அதனால் அக்கா, உங்கள் நாயகிக்கு நெய்ப்பந்தத்தின்போதுதான் முதலில் தெரிகிறது என்பதை நான் நம்பவில்லை. அவளுக்கு முன்பே தெரியும். அன்றைக்கு மற்றவர்களுக்கும் தெரியும் என்பது தெரிகிறது. அதுதான் அவளால் தாங்க முடியாதது.

பதினெட்டு வயது முடிந்தவர்கள் தங்கள் பிறப்பைத் தேடி விண்ணப்பிக்க இப்போது விதி இருக்கிறது. நாமே கேட்க வேண்டும், நமக்காக மூன்றாவது ஆள் கேட்க முடியாது. பெற்றவர் தன்னைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் அவர் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும். நான் கேட்டேன். ஒரே ஒரு பக்கம் வந்தது. தாயின் பெயர் இல்லை. எடை 1 கிலோ 900 கிராம். பச்சைத் துண்டில் சுற்றியிருந்தது. வலது காதுக்குப் பின்னால் மச்சம். அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பச்சைத் துண்டை யாரோ எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள். நான் குளிரில் இருக்கக் கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார். கதைகளில் வரும் பெண்கள் நேராக அம்மாவைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியிருந்தது விவரம். எத்தனை மணிக்கு, எந்தத் துணியில், யார் கையில். உங்கள் நாயகி அதைக் கேட்கட்டும்.

என் அம்மாவுக்கு நான் தேடியது தெரியும். அந்தக் காகிதம் வந்த அன்று, பச்சைத் துண்டு என்று படித்துக் காட்டினேன். "உன்னை வாங்கும்போது மஞ்சள் துண்டுல்ல இருந்துச்சு" என்றார். அந்தப் பச்சைத் துண்டு என்ன ஆயிற்று என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

புதூர் வக்கீல்:

தொட்டில் அவர்களே, நன்றி என்று சொன்னால் போதாது. எழுதியதற்கு என் வணக்கம்.

பாம்பன் ரயில்:

நான் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்களைப் போன்றவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் மதுரை. பாதி வாழ்க்கை அப்படி.

1936-37 என்றதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த வருஷங்களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு மண்டபம் போவது நடந்துகொண்டுதான் இருந்தது. 1939 ஆகஸ்டில்தான் கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் நடக்கிற பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். கைக்குழந்தையைச் சிலர் ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள், ஒரு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று. தடை வந்த பிறகு ஒரு தடவை ஊருக்கு வந்தால் திரும்ப வேலைக்குப் போக முடியாதோ என்று பயந்து பலர் வராமலே இருந்துவிட்டார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பாட்டி இருந்தார். "மதுரைப் பக்கம் எனக்கு ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்வார், அதற்குள் அழுதுவிடுவார்.

விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று போனவர்கள் இல்லை. இதை நாவலில் யாராவது ஒருவர் வாயால் சொல்லுங்கள் அக்கா.

செக்கானூரணி:

நான் இன்னும் மொய் நோட்டைத்தான் சொல்வேன். அம்மாச்சியின் காதுகுத்து மொய் எங்கே இருக்கிறது? கடைக்காரர் வீடு என்றால் தனி நோட்டு இல்லாமல் கடைச் சிட்டையிலேயே (கணக்கு நோட்டிலேயே) எழுதியிருப்பார்கள். பரணில் பாருங்கள்.

மாசிவீதி மல்லிகை:

பத்து நாள் கழித்து வருகிறேன். மாமா வீட்டுப் பரணில் தகரப் பெட்டி இருந்தது. மாமாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். கரையான் பாதியைத் தின்றிருந்தது. நீள வாக்கில் தைத்த சிட்டைகள் பதினொன்று. ஒன்றில் நடுவில் நான்கு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேலே "விக்கிரம ௵ தை ௴" என்றும் "சின்னவள் காதுகுத்து" என்றும் எழுதியிருந்தது.

விக்கிரம வருஷத் தை என்றால் 1941 ஜனவரி என்று நானே கணக்குப் போட்டேன். தாதுவில் பிறந்திருந்தால் நான்கு வயது. சின்னவள் அம்மாச்சிதான்.

பெரும்பாலும் தெரிந்த பெயர்கள். கீழமாசி வீதிக் கடைக்காரர்கள், பெரிய பாட்டியின் மாமனார் வீடு, தாய்மாமன் மதிச்சியத்திலிருந்து தோடு. மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி: "கல்லுப்பட்டி", பிறகு ஒரு ஆள் பெயர் (இங்கே எழுதவில்லை), 1 ரூபாய். அந்தப் பெயரில் எங்களுக்கு உறவே கிடையாது. மாமாவுக்கும் தெரியவில்லை. அதற்குக் கீழே பெயர் இல்லாத ஒரு வரி. முதலில் ஒரு கிறுக்கல், அப்புறம் "கம்பு 1 படி, 4 அணா". கிறுக்கலைப் பார்த்தால் "மீ"யைச் சுழித்த மாதிரியும் இருக்கிறது, பேனாவைச் சோதித்த மாதிரியும் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். பேரேடு ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

பேரேடு:

கிறுக்கல் இல்லை அம்மா. அது ௸.

பழைய கணக்கில் நாளுக்கு ௳, மாசத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று குறி போடுவோம். ௸ என்றால் "மேற்படி". மேலே சொன்னதேதான் என்று அர்த்தம். மேல் வரியில் உள்ள ஊரோ ஆளோ திரும்ப வந்தால் முழுக்க எழுத மாட்டோம், இந்தக் குறியைப் போட்டுவிட்டுத் தொகையை எழுதுவோம்.

இங்கே ஆளைக் குறிக்கவில்லை. அதே ஆள் என்றால் 1 ரூபாய் 4 அணா என்று ஒரே வரியில் ஏற்றியிருப்பார் கணக்குப்பிள்ளை. தனி வரி போட்டிருக்கிறார், ஆகவே தனி ஆள். அதே கல்லுப்பட்டி, அதே வீடு. பெயர் கேட்காமல் ௸ மட்டும் போட்டிருப்பதால் அது பெண்பிள்ளையாக இருக்கும். அந்தக் காலத்தில் கூட வந்த பெண் தனியாக மொய் வைத்தால் பெரும்பாலும் பெயர் எழுத மாட்டோம். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

உறவில்லாத ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் மதுரைக்கு வந்து, நாலு வயதுப் பிள்ளையின் காதுகுத்துக்கு மொய் வைத்திருக்கிறார்கள். அவள் தன் பங்காகத் தனியே கம்பும் நாலணாவும் வைத்திருக்கிறாள். கடைக்காரர் அதை வாங்கி வரவும் வைத்திருக்கிறார்.

தொட்டில்:

ஒரு படி கம்பு. அதைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருப்பார் இல்லையா?

பாம்பன் ரயில்:

அப்படியானால் கப்பலேறவில்லை. 1941இல் ஊரில்தான் இருந்திருக்கிறார்கள். நான் நினைத்தது தவறு, அதில் எனக்குச் சந்தோஷம்.

வைகைக்கரை:

எந்தக் கல்லுப்பட்டி என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் வழியில் தே.கல்லுப்பட்டி. காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கும் ஊர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் இருந்த இடம். எழுமலைப் பக்கம் எம்.கல்லுப்பட்டி. தேனிப் பக்கம் ஜி.கல்லுப்பட்டி. சிட்டையில் முன்னெழுத்து இல்லை என்றால் கடைக்கு எந்தப் பக்கத்துச் சரக்கு வந்தது என்று பாருங்கள். பிள்ளை வந்த வழியும் சரக்கு வந்த வழியும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

மாசிவீதி மல்லிகை:

பார்த்துவிட்டேன். அதே சிட்டையில் ஏழு இடத்தில் "எழுமலைச் சந்தை" வருகிறது. கம்பு, குதிரைவாலி, கொத்தமல்லி. திருமங்கலம் இரண்டே இடத்தில்தான். தாது வருஷச் சிட்டையைக் கரையான் முழுக்கத் தின்றுவிட்டது.

நாவலில் பஞ்சத்தை எடுத்துவிட்டேன். பெருங்காமநல்லூரில் சாகும் தாத்தாவையும் எடுத்துவிட்டேன். தவிட்டம்மாள் என்ற பெயர் இப்போது அக்காவுக்குப் போய்விட்டது. நாயகிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முதல் அத்தியாயத்தில் அவளுக்கு ஒன்பது வயது, எல்லோரும் அக்காவைத் தவிட்டுக்கு வாங்கியதாகக் கேலி செய்கிறார்கள், இவள் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். தொட்டில், உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

தொட்டில்:

இருக்கட்டும் அக்கா.

செக்கானூரணி:

எம்.கல்லுப்பட்டியில் எங்கள் சித்தப்பா பெண் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இங்கே போட வேண்டாம், அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாது. மாசிப் பச்சைக்கு வெளியூரில் இருப்பவர்களும் கோவிலுக்கு வந்துவிடுவார்கள், வயதானவர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். நீங்கள் வருவதாக இருந்தால் முந்தின நாளே வந்துவிடுங்கள். வெறுங்கையோடு வர வேண்டாம். அவர்கள் வைத்த மொய்க்கு இன்னும் திருப்பிச் செய்யவில்லை அல்லவா.

மாசிவீதி மல்லிகை:

1 ரூபாய் 4 அணாவும் ஒரு படி கம்பும். பேரேடு ஐயா, 1941 மொய்க்கு இப்போது எவ்வளவு செய்ய வேண்டும்?